கிளப் பெரியவரின் கேள்விகள்

ஏ.எஸ்.ராவ் நகர், ஹைதராபாத்
16 ஜூலை 2023

அன்புள்ள ஆக்னஸ் அக்காவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். இங்கே நான், தாரிணி, அப்பா மூவரும் நலம். நீயும் மடத்தில் உள்ள சகோதரிகளும் நலமாக இருக்க வேண்டுகிறோம். போன மழைக்காலத்தில் வந்த இருமல் இந்த வருஷம் எட்டிப் பார்க்கவில்லையே?

கிறிஸ்துமஸுக்கு மட்டும் கடிதம் போடுகிறவன் ஜூலையில் எழுதுகிறானே என்று பயந்துவிடாதே. கெட்ட சேதி ஒன்றும் இல்லை. ஒரு சந்தேகம் கேட்கத்தான்.

மாதாப்பூரில் என் ஆபீஸுக்குப் பின்னால் ஒரு ஹாலில் ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னக் கார் பந்தயம் விடுகிறோம். உள்ளங்கையில் அடங்குகிற கார். ரிமோட்டில் ஓடும். தரையில் கம்பளம் விரித்து, வளைத்து வளைத்துப் பாதை போட்டிருக்கிறோம். ஓட்டுகிறவர்கள் எல்லோரும் என்னைப் போல முன்மண்டை வழுக்கை விழுந்த ஆட்கள்தான். பொம்மைக் கார் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள்.

வேகம் போதவில்லை என்று நான் ஒரு முரட்டு மோட்டாரை வாங்கி மாட்டினேன். இரண்டாவது சுற்றிலேயே காருக்குள்ளிருந்து புகை வந்துவிட்டது. மோட்டாருக்குப் போகிற மின்சாரத்தைத் திறந்து மூடுகிற டிரான்சிஸ்டர்கள் போர்டில் இருக்கின்றன. கிளப்பில் ‘ஃபெட்’ என்கிறார்கள். உளுந்தம்பருப்பு அளவுதான். சில கருகிவிட்டன. அதே ரகத்தை வாங்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சால்டர் செய்தால் பெரிய மோட்டாரைத் தாங்கும் என்று வினய் என்கிற பையன் சொல்கிறான். அது சரிதானா? நான் கம்ப்யூட்டர் கோடு எழுதுகிறவன், இதெல்லாம் எனக்கு எட்டாது. நீ கம்பெனியில் பவர் சப்ளைப் பிரிவில் இருந்தவள். உன்னைவிட்டால் யாரைக் கேட்பேன்?

செபத்தில் எங்களை நினைத்துக்கொள்.

உன் தம்பி
ஃபெலிக்ஸ்


திண்டுக்கல்
2 ஆகஸ்ட் 2023

அன்புத் தம்பி ஃபெலிக்ஸுக்கு,

இறைவனின் சமாதானம் உங்கள் வீட்டில் தங்குவதாக. இருமல் வரவில்லை. தாரிணிக்கு முதுகுவலி என்று கிறிஸ்துமஸ் கடிதத்தில் எழுதியிருந்தாயே, இப்போது தேவலையா?

உன் கடிதத்தை மதர் என்னிடம் கொடுக்கும்போது முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் சிரித்தபிறகுதான் போனார். பன்னிரண்டு வருஷத்தில் எனக்கு வந்த கடிதங்களில் டிரான்சிஸ்டர் இருந்தது இதுதான் முதல். இங்கே கோயில்களுக்கு நற்கருணை அப்பம் சுட்டு அனுப்புகிறோம் அல்லவா, அந்த மெஷினின் சூட்டைக் கட்டுப்படுத்தும் போர்டு மக்கர் செய்யும்போது மட்டும் நான் சால்டரிங் அயர்னைக் கையில் எடுப்பேன்.

அடுக்கலாம். இரண்டு பேர் சேர்ந்து சுமந்தால் பாரம் பாதியாவதுபோலத்தான். ஆனால் நீ சொல்ல வேண்டியவை சில இருக்கின்றன. எரிந்தது போர்டில் எந்தப் பக்கத்து ஃபெட்? மோட்டார் முட்டி நின்றபோது எரிந்ததா, ஓடும்போதா? பேட்டரி எத்தனை?

அப்பா அதே பிரிவில் என் தலைக்குமேல் அதிகாரியாக இருந்தவர். நானும் அவரும் ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போய் வந்தோம். நான் வேலையை விட்டு இங்கே வந்த நாளிலிருந்து அவர் எனக்கு ஒரு வரி எழுதியதில்லை. அம்மா இருந்தவரை அவள் கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு பாரா இருக்கும். அம்மா போனபிறகு அதுவும் இல்லை. ஆனால் உன்னோடு அவர் பேசாமலா இருக்கிறார்? வீட்டிலேயே கேட்டுப் பார்த்தாயா?

அன்புடன்
அக்கா


ஏ.எஸ்.ராவ் நகர்
20 ஆகஸ்ட் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். எல்லோரும் நலம். தாரிணி முதுகுக்கு ஏதோ பட்டை கட்டிக்கொண்டு பேங்க் வேலைக்குப் போய் வருகிறாள்.

நீ கேட்டவை: எரிந்தவை மோட்டாரை முன்னால் ஓட்டுகிற பக்கத்து ஃபெட்கள். கார் சுவரில் முட்டி நின்றபோது நான் விசையை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தேன், அப்போதுதான். ரிமோட்டில் அல்ல, காரில் சின்ன பென்சில் பேட்டரி நான்கு.

கிளப்பில் ஒரு பெரியவர் இருக்கிறார். அவருக்கு அடுக்குகிற யோசனை பிடிக்கவில்லை. “மாடிமேல மாடி கட்டினா கீழ இருக்கிறவனுக்கு மூச்சு முட்டும்ல” என்கிறார். அடுக்குவதற்குப் பதில் ஒரே ஒரு பெரிய ஃபெட்டாகப் போட வேண்டுமாம். இரண்டு சேர்ந்தால் வேலையைச் சமமாகப் பங்குபோட்டுக்கொள்ளும் என்பதற்கு என்ன நிச்சயம் என்று கேட்கிறார். “கரண்டு சோம்பேறிப் பயல், லேசான வழியாத்தான் போவான். ஒருத்தன் தலையிலயே எல்லாம் விழும்.” இதை அப்படியே உனக்கு எழுதச் சொன்னார். அதாவது, அக்காவிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்று நான் சொன்னேன், அவர் சரி என்றார்.

பதில் விவரமாக எழுது. அவர் லேசில் ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை.

உன் தம்பி
ஃபெலிக்ஸ்


திண்டுக்கல்
10 செப்டம்பர் 2023

அன்புத் தம்பிக்கு,

சமாதானம் உண்டாவதாக. இங்கே நல்ல மழை. கிணறு நிறைந்துவிட்டது.

உன் கிளப் பெரியவரிடம் என் வணக்கத்தைச் சொல். அவர் கேட்டது நியாயமான கேள்வி. பழைய டிரான்சிஸ்டர்களில் அப்படித்தான் நடக்கும். சூடேறினவன் இன்னும் அதிகம் இழுத்துக்கொண்டு செத்துப்போவான். ஃபெட் அப்படி இல்லை. ஒன்று சூடேறினால் அதன் தடை கூடும், மின்சாரம் தானாகவே சூடில்லாத மற்றதன் பக்கம் சாயும். சோம்பேறிப் பயல் என்பதாலேயே சமமாகப் பங்காகும். அவருக்கு இது தெரியாமல் இருக்காது, என்னைச் சோதிக்கிறார் என்று நினைக்கிறேன்.

பெரிய ஃபெட் அந்தப் போர்டில் உட்காராது, இடம் இல்லை. அடுக்கத்தான் வேண்டும். கடையில் நாடாவில் ஒட்டி வரும், ஒரே நாடாவிலிருந்து வெட்டிய ஃபெட்களாக வாங்கு, அப்போதுதான் ஒன்றுபோல இருக்கும். கையிலுள்ள நிலைமின்சாரம் அவற்றைக் கொன்றுவிடும், தொடுமுன் தண்ணீர்க் குழாயைத் தொட்டுக்கொள். கால்மேல் கால் ஒட்டும்போது அயர்னை நிறுத்தி வைக்காதே, தொட்டவுடன் எடு.

சால்டர் செய்யப்போவது பெரியவர் என்றால், அவர் கண்ணாடியை மாற்றி எத்தனை வருஷம் ஆகிறது என்று கேள். அந்த வயதில் சர்க்கரை இருக்கும். வேலையில் உட்கார்ந்துவிட்டு வேளைக்குச் சாப்பிட மறந்துவிடக் கூடாது. யாராவது கூப்பிட வேண்டும்.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு.

அக்கா


ஏ.எஸ்.ராவ் நகர்
8 அக்டோபர் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். நலம். பெரியவருக்குப் புதுக் கண்ணாடி வாங்கியாயிற்று.

உன் பதிலை அவரிடம் வாசித்தேன். சோதிக்கிறார் என்று நீ எழுதிய இடத்தில் மூக்கைச் சொறிந்துகொண்டார். பிறகு, “சரி, அடுக்கு” என்றார். கருகியதை எடுத்துவிட்டுப் புதிதாக இரண்டிரண்டாக அடுக்கியாயிற்று. மூன்று ஞாயிறு பிடித்தது. பூதக்கண்ணாடியின் கீழே பார்த்தால் கட்டெறும்பின்மேல் கட்டெறும்பு ஏறி நிற்பதுபோல இருக்கிறது.

போன வாரம் ஓட்டினோம். முன்பு புகை வந்த சுற்றையெல்லாம் தாண்டிவிட்டது, தொட்டால் வெதுவெதுப்புக்கூட இல்லை. ஆனால் ஒரு புதுத் தொல்லை. நீளப் பாதையில் விசையை முழுதாக அழுத்தினால் கார் ஒரு கணம் செத்துப்போகிறது, பிறகு உயிர் வருகிறது. அந்த ஒரு கணத்தில் சுவரில் போய் இடித்துக்கொள்கிறது. வினய், “ஹவ், ஆமாண்ணா, மோட்டார் போயிடுச்சு, வேற போடுங்க” என்கிறான். பெரியவர் பேசாமல் இருக்கிறார். அவருக்குக் காரணம் தெரியும் என்றுதான் தோன்றுகிறது. ஆனாலும், “உங்க அக்கா என்ன சொல்லுதான்னு கேளு” என்கிறார்.

வீட்டில் வேறு விசேஷம் இல்லை. அப்பா இப்போதெல்லாம் டிவி பார்ப்பதில்லை.

உன் தம்பி
ஃபெலிக்ஸ்


திண்டுக்கல்
1 நவம்பர் 2023

அன்புத் தம்பிக்கு,

புனிதர் அனைவரின் திருநாள் வாழ்த்துகள். நலமே.

மோட்டாரில் குறை இல்லை. ஃபெட் இப்போது தாராளமாகக் கொடுக்கிறது, மோட்டார் ஒரே மடக்கில் குடிக்கிறது. அந்த நொடியில் பேட்டரியின் வோல்டேஜ் சரிந்து, ரிமோட்டின் பேச்சைக் கேட்கிற ரிசீவருக்கு மயக்கம் வந்துவிடுகிறது. பேட்டரியிலிருந்து போர்டுக்கு வரும் வயரைத் தடிமனாக மாற்று. ரிசீவருக்குச் சப்ளை வருகிற இடத்தில் ஒரு கெப்பாசிட்டர் போடு. வோல்டேஜ் சரிகிற அந்தக் கணத்துக்கு மட்டும் அது தன்னிடம் உள்ளதைக் கொடுத்துத் தாங்கும். பிளஸ், மைனஸ் மாறிவிடக் கூடாது.

பெரியவருக்குக் காரணம் தெரிந்திருந்தும் கேட்கச் சொன்னார் என்றால், அவருக்கு என் நன்றி. இதைச் சொல்லிவிடு.

திருவருகைக் காலம் தொடங்கினால் கிறிஸ்துமஸ் வரை எங்களுக்குக் கடிதப் போக்குவரத்து கிடையாது. உனக்குத் தெரிந்ததுதான். அதனால் இப்போதே உங்கள் மூவருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்து. கிளப் பெரியவருக்கும்.

அக்கா


ஏ.எஸ்.ராவ் நகர்
7 ஜனவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். நீ நவம்பரிலேயே அனுப்பிய அப்பத் துணுக்குகள் கிடைத்தன. கிறிஸ்துமஸ் அன்று எல்லோரும் சாப்பிட்டோம்.

கார் இப்போது மயங்குவதில்லை. டிசம்பர் பந்தயத்தில் மூன்றாவதாக வந்தேன். கடைசி வளைவில் நான் சொதப்பாவிட்டால் இரண்டாவது.

அக்கா, இனி சுற்றி வளைக்க முடியவில்லை. கிளப்பில் பெரியவர் என்று யாரும் இல்லை. உனக்கு எப்போதோ தெரிந்திருக்கும். ஜூலையில் கருகிய போர்டைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு ஆபீஸ் போனேன். திரும்பி வந்தால் அப்பா தன் பழைய லென்ஸை மாட்டிக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா போனபிறகு அவர் எதையாவது உற்றுப் பார்த்து அன்றுதான் கண்டேன். “என்ன செய்யலாம்ப்பா?” என்றேன். லென்ஸைக் கழற்றித் துடைத்தார். பிறகு, “இதெல்லாம் அவளுக்குத்தான் சரியாத் தெரியும்” என்றார். பெயரைச் சொல்லவில்லை. நான் எழுதட்டுமா என்றதற்கு, “உனக்கு வேணும்னா எழுது” என்றார். நீ வீட்டில் கேட்டாயா என்று எழுதியதை மட்டும் அவருக்கு வாசிக்காமல் விட்டேன்.

சால்டர் வைத்தது பெரும்பாலும் அவர்தான். உன் கடிதம் வருகிற வாரம் தபால்காரர் வண்டிச் சத்தம் எனக்கு முன்னால் அவருக்குக் கேட்டுவிடும்.

உன் தம்பி
ஃபெலிக்ஸ்


திண்டுக்கல்
28 ஜனவரி 2024

அன்புத் தம்பிக்கு,

சமாதானம். நலமே.

‘கரண்டு சோம்பேறிப் பயல்’ என்று நீ எழுதிய அன்றே தெரியும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எல்லோர் முன்னாலும் என்னிடம் அவர் சொன்னது அது. உன் கடிதத்தை வாசித்துவிட்டு அன்று அப்பம் சுடுகிற அறைக்குப் போய் மாவு கலக்கினேன். தண்ணீரை அதிகம் ஊற்றிவிட்டேன் என்று ஒரு சகோதரி சொன்னபிறகுதான் கவனித்தேன்.

எனக்குத் தெரியும் என்று அப்பாவிடம் சொல்லாதே. அவர் பெரியவராகவே இருந்துகொள்ளட்டும். அந்தப் பெயரில் அவருக்கு என்னிடம் பேச முடிகிறது, எனக்கும்தான். அடுத்த கேள்வி என்னவென்று கேட்டு எழுது. பிப்ரவரி நடுவில் தவக்காலம் தொடங்கிவிடும், அதற்குமுன் எழுது. பிறகு வருகிற கடிதங்களை, அவசரம் என்று மேலே எழுதியிருந்தால் தவிர, தவக்காலம் முடிகிற பாஸ்கா ஞாயிறன்றுதான் தருவார்கள்.

அக்கா


ஏ.எஸ்.ராவ் நகர்
25 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். பதற்றப்படாமல் வாசி.

பத்து நாள் முன்பு காலையில் அப்பாவின் கையிலிருந்து காபி டம்ளர் விழுந்தது. வாய் ஒரு பக்கம் கோணியது. தாரிணி உடனே காரை எடுத்தாள், நேரத்தோடு கொண்டு சேர்த்துவிட்டோம். லேசான பக்கவாதம் என்றார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. பேச்சு குழறுகிறது. வலக்கை விரல்கள் அவர் சொன்னபடி கேட்கவில்லை.

உனக்கு எழுதட்டுமா என்று கேட்டேன். “எழுது. அவசரம்னு மேல போடாத. அவ தவக்காலத்தக் கெடுக்காத” என்றார். அதைச் சொல்லி முடிக்க அவருக்கு நிறைய நேரம் ஆயிற்று. போடவில்லை. நான் செய்தது சரியா என்று தெரியவில்லை.

ஃபெலிக்ஸ்


ஏ.எஸ்.ராவ் நகர்
17 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். பேச்சு தெளிந்துவிட்டது, கொஞ்சம் மெதுவாகத்தான். விரல்களுக்குப் பயிற்சி என்று ரப்பர் பந்து கொடுத்தார்கள். அதை எறிந்துவிட்டு என் ரிமோட்டைக் கேட்டார். காரைத் திருப்புகிற சின்னச் சக்கரம் அதில் வலக்கைப் பக்கம் இருக்கிறது. காலையும் மாலையும் வீட்டு ஹாலில் ஓட்டுகிறார். கார் அவருக்கு அடங்கவில்லை. நாம் ஏற்றிய சக்தி அப்படி. நாற்காலிக் காலிலெல்லாம் இடிக்கிறது. பழைய மோட்டாரை மாட்டித் தருகிறேன் என்றால், “நக்கோ”, வேண்டாம் என்கிறார். நாற்பது வருஷம் இந்த ஊரில் இருந்து அவர் கற்றுக்கொண்ட ஒரே வார்த்தை அதுதான்.

ஃபெலிக்ஸ்


திண்டுக்கல்
2 ஏப்ரல் 2024

அன்புத் தம்பிக்கு,

பாஸ்கா வாழ்த்துகள். உன் இரண்டு கடிதங்களையும் ஞாயிறு அன்று சேர்த்துத் தந்தார்கள். பிந்தையது மேலே இருந்தது, அதை முதலில் பிரித்தேன். ‘வீட்டுக்கு வந்துவிட்டார்’ என்பதை வாசித்தபோது எங்கிருந்து என்று புரியவில்லை. பிறகு மற்றதைப் பிரித்தேன். நீ செய்தது சரி. அவர் சொன்னபடிதான் செய்தாய்.

போன் செய்துகொள் என்று மதர் சொன்னார். நான்தான் செய்யவில்லை. அப்பா எடுத்து, என் குரலைக் கேட்டதும் ஒன்றும் சொல்லாமல் உன்னிடம் கொடுத்துவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது.

மோட்டாரை மாற்ற வேண்டாம். ரிமோட்டிலேயே விசையின் உச்சத்தைக் குறைத்து வைக்கலாம், உள்ளே அதற்கு ஒரு அமைப்பு இருக்கும். சக்தி இருக்கட்டும், தேவையானபோது திறந்துகொள்ளலாம்.

நாங்கள் மடத்தைவிட்டு வெளியே வருவதில்லையே, அதனால் அம்மா வருஷத்துக்கு ஒருமுறை இங்கே வந்து கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து என்னோடு பேசிவிட்டுப் போவாள். அப்பாவும் கூட வருவாராம், ஆனால் பஸ் நிறுத்தத்திலேயே உட்கார்ந்துகொள்வாராம். இந்த முறை நீ அவரைக் கூட்டிக்கொண்டு வா. அப்பாவைப் பார்க்க வேண்டும் என்று சொன்னால் வர மாட்டார். அக்கா கிளப் பெரியவரைப் பார்க்க ஆசைப்படுகிறாள், அந்தக் காரையும் பார்க்க வேண்டுமாம் என்று சொல்.

அக்கா


ஏ.எஸ்.ராவ் நகர்
26 மே 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். திண்டுக்கல்லிலிருந்து பத்திரமாக வந்து சேர்ந்தோம். அப்பாவுக்குப் பயணக் களைப்பு ஒன்றும் இல்லை.

கிளப் பெரியவரைப் பார்க்க ஆசை என்று நீ எழுதியதை நான் வாசித்தபோது அவர் சிரித்துவிட்டார். “அப்போ அவளுக்குத் தெரியும்” என்றார். மறுநாளே பெட்டியைக் கீழே இறக்கச் சொன்னார்.

ஒன்று கேட்க வேண்டும். உங்கள் இருவரையும் பேசும் அறையில் விட்டுவிட்டு நான் டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது நீ உள்ளே போயிருந்தாய், அவர் ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரயிலில் வழியெல்லாம் கேட்டேன். “வண்டி ஓட்டினேன்” என்கிறார். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. ஆனால் செகந்திராபாத் வரை நன்றாகத் தூங்கினார். என்ன பேசினீர்கள்?

உன் தம்பி
ஃபெலிக்ஸ்


திண்டுக்கல்
12 ஜூன் 2024

அன்புத் தம்பிக்கு,

சமாதானம் உங்களோடு. இங்கே எல்லோரும் நலம். அப்பாவின் ரத்தக் கொதிப்பை வாரம் ஒருமுறை பார்க்கிறீர்களா?

அவர் சொன்னது உண்மைதான். நீ போனபிறகு அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. இடக்கையால் டப்பாவைத் திறந்து காரை எடுத்தார். பேசும் அறைச் சுவரில் சாமான் வாங்கிக் கொடுக்க ஒரு மரச் சுழல்பெட்டி இருப்பதைப் பார்த்திருப்பாய். காரை அதில் வைத்து என் பக்கம் சுழற்றினார். “சால்டரிங்கப் பாரு பிள்ள” என்றார். இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். “நல்லா வந்திருக்குப்பா” என்றேன்.

“கடைசி ரெண்டு காலு அவன் வச்சது. சுமார்தான்.”

வயரைப் பார்ப்பதற்காகத் தரையில் வைத்தேன். அது லேசாக நகர்ந்தது. நிமிர்ந்தால் அவர் கையில் ரிமோட் இருந்தது. “முன்னால என்ன இருக்கு?” என்று கேட்டார். கம்பிக்கு இந்தப் பக்கம் என் பின்னால் இருப்பது அவருக்குத் தெரியாது. “கதவுப்பா. அதுக்கப்புறம் நடை, நேரா போகுது” என்றேன். “திற” என்றார்.

மதர் நடையில்தான் நின்றார். காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஐந்து நிமிஷம் என்று விரலைக் காட்டிவிட்டு ஒதுங்கினார். பிறகு அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

கார் மெல்லப் போயிற்று, நான் பின்னாலேயே போனேன். இங்கே யாரும் சத்தம் போட்டுப் பேச மாட்டோம். அன்று நான் கத்தினேன். “வலது பக்கம் ஒடிங்கப்பா, சுவர் வருது.” அவர் ஒடித்தார். அவருக்கு இருந்தது என் குரல் மட்டும்தான். “இப்போ எங்க?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அப்பம் சுடுகிற அறை, பெரிய அறை, நாலு ஜன்னல் என்றேன். புத்தக அறை என்றேன். வயதான இரண்டு சகோதரிகள் அங்கியைத் தூக்கிக்கொண்டு வழிவிட்டதைச் சொன்னேன். ஓரிடத்தில் நிலைப்படி குறுக்கே நின்றது. “எவ்ளோ ஒசரம்?” என்றார். “விரல் கனம்தான்.” உச்சத்தைத் திறந்துவிட்டார் போலிருக்கிறது, கார் சீறிக்கொண்டு ஒரே துள்ளலில் தாண்டியது. அறைக்குள்ளிருந்து அவர் சிரிப்புச் சத்தம் கேட்டது.

தோட்டத்துக் கதவோரம் கார் நின்றுவிட்டது. அதற்குமேல் ரிமோட் எட்டவில்லை.

“அங்க என்ன இருக்கு?” என்று தூரத்திலிருந்து கேட்டார்.

“தோட்டம்ப்பா. கொய்யா, வாழை, கிணறு. சாயங்காலம் நான் இங்கதான் இருப்பேன்.”

காரை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தேன். வந்து உட்கார்ந்தபோது அவர் இடக்கையால் கம்பியைப் பிடித்திருந்தார். இப்போது என் முகத்தைப் பார்த்தார்.

“உள்ள இவ்ளோ தூரம் இருக்கா?”

“இருக்குப்பா.”

“ஒரு சின்ன ரூமுக்குள்ள உன்னப் பூட்டி வச்சிருக்காங்கன்னுல்லா இத்தன வருஷமும் நெனச்சிட்டுக் கெடந்தேன்.”

பிறகு காரைத் திரும்பத் தரையில் வைக்கச் சொன்னார். “இந்தத் தடவ இடது பக்கம் போவோம்” என்றார்.

தாரிணிக்கு என் அன்பு. அப்பா வேளைக்குச் சாப்பிடட்டும்.

அக்கா
ஆக்னஸ்